வீடியோவில் இருக்கும் நக்கல் ஏஐக்குப் புரியுமா?

கேள்வி இதுதான்: ஒரு வீடியோவைக் கொடுத்தால் அதில் எது நகைச்சுவை, எது நக்கல், எது நிஜமான பாராட்டு என்று செயற்கை நுண்ணறிவால் பிரித்துச் சொல்ல முடியுமா? யூடியூப் வீடியோக்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு இதை நம்பலாமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஓரளவு முடியும். அந்த ஓரளவு எதுவரை என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சிரிப்பு எங்கே வரும் என்பதை இன்றைய ஏஐ மாடல்கள் நன்றாகவே பிடிக்கின்றன. எதற்காகச் சிரிக்கிறோம் என்று கேட்டால் தடுமாறுகின்றன. முகத்தில் ஒரு அசைவும் காட்டாமல், குரலையும் மாற்றாமல் ஒருவர் செய்யும் நக்கலில் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. இவற்றுக்கு நாம் எதை வைத்துப் பாடம் எடுத்தோம் என்று பார்த்தால் காரணம் பெருமளவு விளங்கிவிடும்.

மாடலுக்கு நகைச்சுவையைக் கற்றுக்கொடுக்க, ‘இது சிரிப்பு வரும் இடம், இது வராத இடம்’ என்று யாராவது ஆயிரக்கணக்கான துண்டுகளில் குறித்துத் தர வேண்டும். ஆட்களை உட்கார வைத்துக் குறிப்பதற்குச் செலவும் நேரமும் பிடிக்கும். அதனால் ஆய்வாளர்கள் சிரிப்பு ஏற்கெனவே பதிவாகியிருக்கும் வீடியோக்களைத் தேடிப் போனார்கள். ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2016-இல் நடந்த ஓர் ஆய்வு ‘தி பிக் பேங் தியரி’ என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொண்டது. எந்த வசனத்துக்குப் பிறகு பின்னணியில் சிரிப்பு கேட்கிறதோ அது நகைச்சுவை, மற்றதெல்லாம் சாதாரண வசனம். 2019-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் டெட் மேடைப் பேச்சுகளை எடுத்தார்கள். 1,866 வீடியோக்கள், 1,741 பேச்சாளர்கள். டெட் பேச்சுகளின் எழுத்துப்படியில் கூட்டம் சிரித்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அதையே விடைத்தாளாக வைத்துக்கொண்டார்கள்.

செலவு மிச்சம், டேட்டாவும் நிறைய. ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. டிவி தொடரில் கேட்கும் சிரிப்பு எப்போதும் நகைச்சுவையின் அளவுகோல் கிடையாது. 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் சிரிப்புக்கென்றே ஒரு இயந்திரம் செய்தார். ஒவ்வொரு விசையிலும் ஒவ்வொரு வகைச் சிரிப்பு. சின்னச் சிரிப்பு, வெடிச்சிரிப்பு, ஒரு பெண்மணி மட்டும் தாமதமாகச் சிரிப்பது எனத் தேவைக்கேற்ப அழுத்திக்கொள்ளலாம். நேரில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்த தொடர்களிலும் சிரிப்பு குறைந்த இடத்தில் இப்படி ஏற்றிவிடும் பழக்கம் வந்தது. ஆக, அந்தச் சிரிப்பு பல இடங்களில் எடிட்டிங் மேசையில் எடுத்த முடிவு. அதை விடைத்தாளாக வைத்துப் படித்த மாடல் எடிட்டரின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் படிக்கிறது.

அப்படியென்றால் சிரிப்புச் சத்தத்தை நீக்கிவிட்டுப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். பலர் அப்படிச் செய்தும் பார்க்கிறார்கள். ஆனால் நடிகர்கள் வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வசனத்தைத் தொடங்குவார்கள். சத்தத்தை எடுத்துவிட்டாலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். எதிரில் நிற்பவர் வாய் திறக்காமல் ஒரு பார்வையோடு நிற்பதும் ஃபிரேமில் இருக்கும். வசனத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, அந்த இடைவெளியை மட்டும் பிடித்துக்கொண்டு மாடல் ‘நகைச்சுவை’ என்று சொல்லிவிட முடியும். மதிப்பெண் நன்றாக வரும், ஆனால் கற்றுக்கொண்டது வேறு. அதே மாடலை நம்முடைய கவுண்டமணி, செந்தில் காட்சி ஒன்றில் விட்டுப் பாருங்கள். இங்கே யாரும் சிரிப்புக்காகக் காத்திருப்பதில்லை. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவரின் கவுண்டர் வந்து விழும். அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பழகிய இடைவெளிக் கணக்கு இங்கே ஒன்றுக்கும் உதவாது.

சரி, நக்கலுக்கு வருவோம். இது நகைச்சுவையைவிடக் கடினம். சொல்வது ஒன்று, குறிப்பது அதற்கு நேர்மாறு; கூட்டம் சிரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் தரவுத்தொகுப்பு 2019-இல் வந்த ‘மஸ்டர்ட்’. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. பெரும்பாலும் அமெரிக்கத் தொடர்களிலிருந்து எடுத்த 690 சிறு வீடியோத் துண்டுகள். சரிபாதி நக்கல், சரிபாதி நக்கல் இல்லாதது. இங்கே பின்னணிச் சிரிப்பை நம்பி விட்டுவிடவில்லை. ஆட்கள் பார்த்துத்தான் குறித்தார்கள். நக்கல் வசனத்தோடு, அதற்கு முன் நடந்த உரையாடலையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அது மிக நல்ல முடிவு. முன்கதை இல்லாத நக்கலைப் பல நேரம் மனிதர்களாலேயே பிடிக்க முடியாது.

அந்த ஆய்வில் தெரியவந்த முக்கியமான விஷயம், எழுத்தை மட்டும் பார்ப்பதைவிடக் குரலையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால் தவறுகள் குறைகின்றன என்பது. எந்த வழியில் சேர்த்தார்கள் என்று பார்த்தால்தான் குறை தெரியும். வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமையும் படத்தை அடையாளம் காணும் ஒரு மாடலுக்குக் கொடுத்து எண்களாக மாற்றி, எல்லா ஃபிரேம்களின் எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். அதாவது, புருவம் உயர்ந்தது வசனத்துக்கு முன்பா பின்பா என்ற தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது. அது ஒரு தொடக்க ஆய்வு, பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படையை வைத்தார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நக்கல் என்பதே நேரம் பார்த்துச் செய்யும் வேலை. ஒருவர் ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு அரை வினாடி கழித்து முகத்தைத் திருப்பினால் அது ஒரு பொருள். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னால் வேறு பொருள்.

இன்னொரு விஷயமும் அதில் வெளிப்பட்டது. பயிற்சியில் பார்த்த அதே ஆட்கள் சோதனையிலும் வந்தால் மாடல் நூற்றுக்கு எழுபதை ஒட்டி எடுத்தது. பயிற்சியில் பார்க்காத தொடரைக் கொடுத்தால் அறுபதை ஒட்டி இறங்கிவிட்டது. சும்மா காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்களில் சில பாத்திரங்கள் எப்போதும் நக்கலாகவே பேசும். அந்த முகத்தையும் குரலையும் பார்த்ததும் ‘இவர் பேசினால் நக்கல்தான்’ என்று முடிவுகட்டக் கற்றுக்கொண்டால் மதிப்பெண் ஏறும். நாமும் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம், பெரிய மாமா வாயைத் திறந்தாலே கிண்டல் என்று. ஆனால் நமக்குப் புது மனிதர் ஒருவர் கிண்டல் செய்தாலும் புரியும். மாடல் அங்கேதான் சரிகிறது.

குரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆங்கிலத்தில் நக்கலாகப் பேசும்போது குரலின் சுருதி பொதுவாக இறங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கனடாவில் ஹென்றி சியாங், மார்க் பெல் என்ற இருவர் 2008, 2009-இல் இதை ஆங்கிலத்திலும் கான்டனீஸ் மொழியிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இறங்கிய சுருதி கான்டனீஸில் ஏறியது. ஒரு மொழியில் படித்த குரல் பாடத்தை இன்னொரு மொழியில் அப்படியே பயன்படுத்தினால் விடை தலைகீழாகிவிடும்.

தமிழில் என்ன நடக்கிறது? பதினொரு மணிக்கு எழுந்து வரும் மகனைப் பார்த்து அம்மா, “துரை எந்திரிச்சிட்டீங்களா? காபி கொண்டு வரட்டுங்களா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இதை மரியாதையான கேள்வியாகக் கொடுக்கும். ‘துரை’ ஒரு ஆளின் பெயர், எழுந்துவிட்டாரா என்ற விசாரிப்பு, காபி கொடுக்கும் உபசாரம். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. குரலும் பெரிதாக மாறாது. சில அம்மாக்கள் இதைத் தேனொழுகத்தான் கேட்பார்கள். முகத்தில் கோபமும் தெரியாது, கை பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருக்கும். பிறகு நமக்கு எப்படிப் புரிகிறது? தினமும் ‘டேய்’ என்று கூப்பிடும் மகனுக்குத் திடீரென்று ‘ங்க’ வந்துவிட்டது. நக்கல் முழுவதும் அந்த மரியாதையில்தான் இருக்கிறது.

இதைப் பிடிக்க மாடலுக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, பேசுபவர் அம்மா, கேட்பவர் மகன். இரண்டு, இந்த வீட்டில் வழக்கமாக ஒருமையில்தான் பேசுவார்கள். மூன்று, மணி பதினொன்று. முதலாவதை வீடியோவிலிருந்து ஊகிக்கலாம். மூன்றாவது சுவரில் கடிகாரம் இருந்தால் கிடைக்கும். இரண்டாவது அந்த வீடியோவில் கிடையாது. வேறு வீடுகளில் அம்மாக்கள் மகனை ‘வாங்க, போங்க’ என்றே அன்பாகக் கூப்பிடுவதும் உண்டு, கொங்குப் பக்கம் போனால் நிறையக் கேட்கலாம். அங்கே அதே வாக்கியத்தில் ‘ங்க’ நக்கலுக்கு அடையாளம் ஆகாது. இன்னொன்று, “ஆமாஆஆ, ரொம்ப்ப நல்லாருக்கு” என்று இழுத்துச் சொல்வதைப் பேச்சுமாற்றி மென்பொருள் பெரும்பாலும் “ஆமா ரொம்ப நல்லாருக்கு” என்று ஒழுங்குபடுத்திவிடும். நக்கல் இருந்த இடத்தையே அது துடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத்தை மட்டும் பார்க்கும் மாடல் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

பேச்சே இல்லாத நகைச்சுவைக்கு வந்தால் நிலைமை வேறு. அமெரிக்க மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். 1928-இல் வந்த மௌனப் படம் ஒன்றில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது. கீட்டனுக்குக் கல்முகம் என்றே பட்டப்பெயர். குரல் இல்லை, சிரிப்பொலி இல்லை, முகபாவமும் இல்லை. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்ற இடைவெளியில்தான் எல்லாமும் இருக்கிறது. இப்போதைய பெரிய மாடல்கள் வீடியோவை முழுதாகப் பார்ப்பதும் இல்லை. கூகுளின் ஜெமினி மாடலை நம் மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும் ஏபிஐ, நாம் வேறு அளவு சொல்லாவிட்டால் வினாடிக்கு ஒரு ஃபிரேம்தான் எடுக்கும். சுவர் சாய்ந்து விழும் அந்தக் கணம் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் போய்விட்டால், முதலில் வீட்டின் முன் நிற்கும் ஒருவர், அடுத்து இடிபாட்டுக்கு நடுவில் நிற்கும் ஒருவர் என்றுதான் மாடலுக்குத் தெரியும். அதைப் புயல் சேதம் என்று அது விவரித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நகைச்சுவை வீடியோக்களோடு வேலை செய்பவர்கள் முதலில் இந்த ஃபிரேம் அளவைக் கூட்டிப் பாருங்கள். செலவு ஏறும், ஆனால் அது இல்லாமல் டைமிங்கைப் பற்றிப் பேசவே முடியாது.

‘இதெல்லாம் பழைய கதை, இப்போதுள்ள மாடல்கள் எது ஏன் வேடிக்கை என்று விளக்கமே தருகின்றனவே’ என்று கேட்கலாம். உண்மைதான். 2023 வாக்கில் ஆய்வுகளின் போக்கே மாறியது. சிரிப்பு வருமா என்ற கேள்வியிலிருந்து ஏன் வருகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தார்கள். சுமார் 10,000 யூடியூப் குறுவீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எது வேடிக்கை என்று விளக்கம் எழுதிய தரவுத்தொகுப்பும் அந்த ஆண்டில் வந்தது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆம், இல்லை என்ற விடையைக் குருட்டாம்போக்கில் எடுத்துவிடலாம். காரணம் சொல்லச் சொன்னால் அது முடியாது. அதே ஆண்டில் ‘நியூயார்க்கர்’ இதழின் கார்ட்டூன்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வீடியோ இல்லை, அசையாத படம்தான். ஒரு கார்ட்டூனுக்கு உரிய வாசகத்தை ஐந்திலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர்கள் 94 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், படத்தை நேரடியாகப் பார்த்த மாடல்களில் சிறந்தது 62 சதவீதம். அதன் பிறகு மாடல்கள் வெகுவாக முன்னேறிவிட்டன என்றாலும், அசையாத ஒற்றைப் படத்திலேயே அப்போது இவ்வளவு இடைவெளி இருந்தது.

விளக்கம் சரியாக வரும்போதும் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அது காட்சியைப் பார்த்துச் சொல்கிறதா, எங்கோ படித்ததைச் சொல்கிறதா?

2019 மே மாதக் கடைசியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டுமானப் பொறியியல் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதை வைத்துத்தான் உடைத்துவிட்டார்கள் என்று சீரியஸாக எழுதினார். நேசமணி என்பது 2001-இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ என்ற தமிழ்ப் படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம், அவர் தலையில் சுத்தியல் விழும் காட்சி அதில் உண்டு. உடனே இன்னொருவர் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கவலையோடு விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. தமிழ் தெரியாதவர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

படத்தில் சுத்தியல் விழும் காட்சியை மாடலுக்குக் காட்டினால் நகைச்சுவை என்று சொல்லிவிடும். அங்கே நடிப்பும் ஒலியும் அப்படி. ஆனால் பிரார்த்தனைப் பதிவுகளைக் காட்டினால்? சோகமான வாசகம், நலம்பெற வேண்டுதல், காயம்பட்டவரின் முகம். எழுத்து, படம் என எந்தப் பக்கம் பார்த்தாலும் அது துக்கச் செய்திதான். நேசமணி யார் என்று தெரிவதைத் தவிர வேறு வழியே கிடையாது. இன்று எந்தப் பெரிய மாடலைக் கேட்டாலும் நேசமணி விவகாரம் பற்றி ஏதாவது சொல்ல வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. போன வெள்ளிக்கிழமை வந்த படத்தின் வசனம் ஒன்றை எடுத்துச் சனிக்கிழமை யாராவது ஒரு அரசியல்வாதியின் பேச்சுக்குப் பின்னால் ஒட்டி ரீல்ஸ் போட்டால் அதை எங்கே படித்திருக்கும்? தமிழ் இணைய நகைச்சுவையில் பெரும்பகுதி இப்படிப் பழைய காட்சியைப் புது இடத்தில் வைப்பதுதான். படம் அதேதான், பொருள் வேறு. மாடலைச் சோதிப்பதென்றால் யாரும் இன்னும் எழுதாத, புதிய, உங்கள் ஊர் வீடியோவில்தான் சோதிக்க வேண்டும்.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வியாக இருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். 2014-லேயே, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ், சமூக ஊடகங்களைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு டெண்டர் விட்டபோது, நக்கலைக் கண்டறியும் வசதியும் வேண்டும் என்று கேட்டிருந்தது. மிரட்டலையும் கிண்டலையும் பிரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு. ஆர்மீனிய இனப்படுகொலையை மறுக்கும் வாதங்களின் முரணைக் கிண்டல் செய்த ஒரு மீமை ஃபேஸ்புக் வெறுப்புப் பேச்சு என்று நீக்கியது. ஃபேஸ்புக்கின் இப்படிப்பட்ட முடிவுகளைப் பரிசீலிக்கும் மேற்பார்வை வாரியம் 2021-இல் அதை நையாண்டி என்று ஏற்று, நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. வெறுப்பை எதிர்த்துப் பேசியவரே வெறுப்புப் பேசியவராகக் கணக்கில் வந்துவிட்டார். ஒரு கொடுமையைக் கிண்டல் செய்பவர் அந்தக் கொடுமையின் சொற்களைத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொற்களைத் தேடும் இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை நையாண்டி செய்யும் வீடியோக்கள் ஒரு தானியங்கி முடிவால் காணாமல் போவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நீக்குவது, தண்டிப்பது போன்ற முடிவுகளில் மாடல் சொல்லும் விடையை ஒரு சந்தேகக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மொழியும் ஊர் நடப்பும் தெரிந்த மனிதர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தமிழுக்கென்று என்ன இருக்கிறது? யூடியூப் பின்னூட்டங்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும் நக்கலைக் கண்டறிய 2023-இல் ‘ஃபயர்’ ஆய்வரங்கில் ஒரு பொதுப்போட்டி நடந்தது. அது எழுத்துக்கு மட்டும். 2021-இல் தமிழ், மலையாள சினிமா விமர்சன வீடியோக்களை வைத்து ஒரு தொகுப்பு வந்தது, அதில் தமிழ் வீடியோக்கள் 64. அது பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற மனநிலையைக் குறித்ததே தவிர நக்கலைக் குறிக்கவில்லை. நல்ல தொடக்கங்கள்தான், ஆனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம், கோலாலம்பூர் வரை பேச்சு மாறும் ஒரு மொழிக்கு இது மிகவும் கொஞ்சம்.

கேட்டவர் வீடியோக்களைத் தரம் பிரிக்கத்தானே கேட்டார். நகைச்சுவைப் பகுதிகளைத் தேடி எடுப்பது, ரீல்ஸ் வெட்டுவதற்கு இடம் காட்டுவது போன்ற வேலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தவறினாலும் பெரிய நட்டம் இல்லை. நக்கலா, பாராட்டா என்று பிரிக்க வேண்டுமென்றால் வீடியோவோடு அது யார் போட்டது, எதற்குப் பதிலாகப் போட்டது, எந்தத் தேதியில் போட்டது என்பதையும் மாடலுக்குக் கொடுங்கள். விடையோடு காரணத்தையும் கேளுங்கள். அப்புறம் ஒரு எளிய சோதனை: அதே வீடியோவை ஒலியில்லாமல் ஒருமுறை, பின்னணி இசையையும் சிரிப்பையும் மட்டும் மாற்றி ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சோக இசையைச் சேர்த்ததும் விடை ‘சோகம்’ என்று புரண்டுவிட்டால், அந்த மாடல் இசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் வீடியோக்களுக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள். விடை மாறாமல் நின்று, காரணத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் வந்தால், நீங்களே குறித்து வைத்த இன்னும் கொஞ்சம் துண்டுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுக்கலாம். அந்தத் துண்டுகளை ஒருவர் மட்டும் குறிக்க வேண்டாம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயதில் மூன்று பேராவது தனித்தனியாகக் குறிக்கட்டும். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத துண்டுகளைத் தூக்கிப் போடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாடல் எங்கே வழுக்கும் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவை அவைதான்.